மலைச்சாய்வில் நீர் நிற்கலாகாது
மண்சரிவு பற்றிக் கமக்காரர் அறிய வேண்டியவை

மலைநாட்டிற் கமஞ்செய்வோருக்கு மண்ணைப் பற்றிய கவலைகள் இரண்டு. ஒன்று மண்ணரிப்பு, மற்றையது மண்சரிவு. மண்ணரிப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மேன்மண்ணைக் கவர்ந்து செல்வது. அதனால் விளைச்சல் குன்றும். உயிருக்குச் சேதம் விளைவது அரிது. மண்சரிவோ பல ஆண்டுகள் அசைவின்றிக் கிடந்த சாய்வைச் சில நிமிடங்களிற் பெயர்த்து, வயலையும் வீட்டையும் ஒருங்கே கீழே கொண்டு செல்வது. இரண்டிற்கும் காரணம் மழைநீரேயாயினும், அது தொழிற்படும் முறை வேறு. மண்ணரிப்பில் நீர் நிலத்தின் மேலே ஓடித் தீங்கு செய்கிறது. மண்சரிவில் நிலத்தினுள்ளே புகுந்து தங்கித் தீங்கு செய்கிறது. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, ஒன்றைத் தடுக்கச் செய்யும் வேலை மற்றொன்றுக்கு வழிகோலிவிடும். ஆதலின் சாய்வான நிலத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அண்மைக் காலத்து அழிவுகள்

2007 சனவரியில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் பெருமழையின் பின் பல இடங்களில் மண் சரிந்து, உயிர்களும் வீடுகளும் விளைநிலங்களும் அழிந்தன. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில், அண்டை மாவட்டமாகிய பதுளையின் கொஸ்லந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று 2005ஆம், 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் மாற்றிடம் பெற்றுக் குடியேறுமுன் மலை இறங்கிவிட்டது. 2016 மே 17ஆந் தேதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கையிற் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் பெருமழையால் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எண்ணிறந்த சாய்வுகள் பெயர்ந்தன. அப்புயலின் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவற்றை விதியென்று கொள்வோர் உளர். மழையை நிறுத்துதல் மனிதனால் ஆகாததே. ஆனால் பெய்த மழையில் எவ்வளவு சாய்வினுட் புகும், எவ்வளவு புறத்தே ஓடிப்போகும் என்பதிற் கமக்காரரின் மண்வெட்டிக்குப் பெரும் பங்குண்டு. எந்நேரத்தில் அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டுமென்பதும் முன்னரே அறியக்கூடியது.

சாய்வு எவ்வாறு நிற்கிறது

சாய்வான பலகையின் மேல் நெல்மூடை ஒன்றை வைத்துப் பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், ஓரளவு வரை மூடை அசையாது நிற்கும். மூடையின் பாரம் அதனைக் கீழே இழுக்கிறது. பலகைக்கும் மூடைக்கும் இடையேயுள்ள உராய்வு அதனைத் தடுத்து நிறுத்துகிறது. தடுக்கும் வலிமை இழுக்கும் வலிமையிலும் மிகுந்திருக்கும் வரை மூடை நிற்கும். குறைந்த கணத்தில் வழுக்கும். மலைச்சாய்விலுள்ள மண்ணும் இவ்வாறே. அதன் பாரம் கீழே இழுக்கிறது. மண்மணிகளின் உராய்வும், ஒன்றையொன்று பற்றிநிற்கும் தன்மையும் தடுக்கின்றன.

ஆராய்ச்சியாளர் இவ்விரு வலிமைகளையும் கணித்து, தடுக்கும் வலிமையை இழுக்கும் வலிமையால் வகுத்துப் பார்ப்பர். வரும் எண் ஒன்றிலும் மிகுந்திருந்தாற் சாய்வு நிற்கும். ஒன்றாக இருந்தால் விழும் தறுவாயில் உள்ளது. ஒன்றிலுங் குறைந்தால் விழும். தடுக்கும் வலிமை 12 பங்கும் இழுக்கும் வலிமை 10 பங்கும் எனக் கொண்டால் அவ்வெண் 1.2 ஆகும். கோடையில் அச்சாய்வு உறுதியாகவே தோன்றும். மாரியில் நீர் புகுந்து தடுக்கும் வலிமை 9 பங்காகக் குறைந்தால் எண் 0.9 ஆகிவிடும். அன்று சாய்வு நில்லாது.

நீர் இதனை எவ்வாறு செய்கிறது? மண்மணிகளுக்கிடையே நுண்ணிய துளைகள் உண்டு. சற்றே ஈரமான மண்ணில் அவ்வீரம் மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். ஈர மணலாற் சிறுவர் கட்டும் வீடு நிற்பது இதனாலேயே. துளைகள் யாவும் நீரால் நிரம்பியவுடன் அப்பிடிப்பு அற்றுப்போகும். மேலும் நீர் ஏறினால் அதன் அமுக்கம் மணிகளை ஒன்றிலிருந்தொன்று தூக்கத் தொடங்கும்; அழுத்தம் குறையவே உராய்வுங் குறையும். கிணற்றினுள் மூழ்கிய வாளி இலேசாகத் தோன்றுவது போல, நீருள் மூழ்கிய மண்ணும் தன் அடித்தளத்தை முழுப் பாரத்துடன் அழுத்துவதில்லை. உராய்வை மட்டுமே நம்பி நிற்கும் மண்ணில் நீர் நிலமட்டம் வரை ஏறிச் சாய்வோடு கீழ்நோக்கி ஊறிச் சென்றால், அதன் தடுக்கும் வலிமை ஏறக்குறைய அரைப்பங்காகிவிடும். உலர்ந்த காலத்தில் 35 பாகைச் சாய்விலும் நிற்கக்கூடிய மண், நீர் நிறைந்த காலத்தில் 20 பாகைச் சாய்விலும் நிற்க மாட்டாது.

ஆகவே சாய்வு செங்குத்தாக இல்லாமையால் அச்சமில்லை என்று எண்ணுதல் தவறு. எவ்வளவு செங்குத்து என்பதோடு, எவ்வளவு நீர் உள்ளே நிற்கிறது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

ஆழமான மண் எங்கிருந்து வந்தது?

மலைநாட்டின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆயது. வெப்பமும் மழையும் மிகுந்த இந்நாட்டில் அப்பாறை நெடுங்காலமாக உக்கிச் செம்மஞ்சள் மண்ணாக மாறியுள்ளது. பாறை இருந்த இடத்திலேயே உக்கியுண்டான மண் ஒரு வகை. மேலேயுள்ள பாறைச் சுவரிலிருந்து காலந்தோறும் உதிர்ந்தும் சரிந்தும் வந்து, மலையின் இடுப்பிலும் அடியிலும் திரண்டு கிடக்கும் மண்ணும் உருண்டைக் கற்களும் மற்றொரு வகை.

இவ்விரண்டாம் வகை நிலத்தைக் கமக்காரர் பெரிதும் விரும்புவர். அதில் மண் ஆழமாக இருக்கும். சாய்வு மிகச் செங்குத்தாக இராது. கோடையிலும் ஈரம் வற்றாது. அருகே ஊற்று இருக்கும். கோவாவும் லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் அங்கே செழித்து வளரும். நெல்வயற் படிகளும் எளிதில் அமையும். ஆனால் அந்நிலம் பண்டைக்காலத்து மண்சரிவின் எச்சமாக இருத்தல் கூடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆழமான மண் அங்கே திரண்டதற்கும் ஊற்று அங்கே புறப்படுவதற்கும் காரணம் ஒன்றே. ஒருமுறை சரிந்து வந்த மண் இறுக்கமின்றி நீரை ஏற்கும். அதன் அடியிலுள்ள பாறையோ நீரை எளிதில் விடாது. இரண்டிற்கும் இடையே நீர் தேங்கும். அவ்விடமே வழுக்குந் தளமாகும்.

பாறைச் சுவரின் கீழ் அமைந்த, பெரிய உருண்டைக் கற்கள் புதைந்த, ஊற்றுடைய, மேடும் பள்ளமுமாக அலைபோற் கிடக்கும் நிலத்தைக் கண்டால், அது நல்ல நிலமெனவும் கவனத்துக்குரிய நிலமெனவும் ஒருங்கே கொள்ள வேண்டும். அதைக் கைவிட வேண்டுமென்பதில்லை. அதில் நீரை நடத்தும் முறையும், வீட்டை அமைக்கும் இடமும் ஆராய்ந்து செய்யற்பாலன.

வட்டவளையில் அறிந்த உண்மை

அற்றனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை, ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் விஞ்சும் இடமாகும். நுவரெலியா நகரில் ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றரே பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் நேராக மோதுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். வட்டவளை ஊடாகக் கொழும்பு-பதுளைப் புகையிரதப் பாதை செல்கிறது. அங்கே ஒரு சாய்வு நெடுங்காலமாகச் சிறுகச் சிறுக நகர்ந்து பாதைக்கு இடர் விளைத்து வந்தது. 1992ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது பெருமளவில் அசைந்து புகையிரதப் போக்குவரத்தைத் தடைசெய்தது.

அதன்பின் அச்சாய்வு ஆழ்ந்த ஆராய்ச்சிக்குள்ளாயிற்று. இத்தகைய ஆராய்ச்சியில் நிலத்தைத் துளைத்து மண்ணின் அடுக்குகளை எடுத்துப் பார்ப்பர். துளையிற் குழாய் இறக்கி, உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று மழைக்கு முன்னும் பின்னும் அளப்பர். நிலம் எந்த ஆழத்தில் வழுக்குகிறதென்பதை வேறு கருவிகளால் அறிவர். வட்டவளையிற் சரிந்தது, முன்னர்க் கூறிய திரண்ட மண்ணே. அதனை அசைத்தது உள்ளே நின்ற நீரின் அமுக்கமே.

அதற்குச் செய்யப்பட்ட பரிகாரமே கமக்காரர் மனத்திற் கொள்ள வேண்டியது. சாய்வைத் தாங்கப் பெருஞ்சுவர் ஒன்றை எழுப்புவதை நம்பாமல், நிலத்தினுள்ளே நீண்ட துளைகளைச் செலுத்தி அவற்றின் வழியாக நீரை வடித்துவிட்டனர். உள்நீர் மட்டம் தாழ்ந்தது. சாய்வின் நகர்வும் அடங்கிற்று. அத்தகைய துளைகளை இடுவது பொறியியலாளரின் தொழில்; தனியொரு கமக்காரரால் ஆகாது. ஆயினும் அங்கே பயன்பட்ட நியதி, கால் ஏக்கர்த் தோட்டத்துக்கும் பொருந்தும். நீரை வெளியேற்றினாற் சாய்வு நிற்கும். ஏற்கெனவே உட்புகுந்த நீரை வெளியேற்றுவதினும், அது உட்புகாது தடுப்பது எளிது, செலவுங் குறைவு.

ஆபத்தைக் காட்டும் நிலப்படம்

இலங்கையில் மண்சரிவை ஆராயும் பொறுப்பு, 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தது. 1990ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் மண்சரிவு ஆபத்தைக் காட்டும் நிலப்படங்களை வரைந்து வருகிறது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாறையின் அமைப்பு, அதன் மேலுள்ள மண்ணின் வகையும் ஆழமும், சாய்வின் அளவு, நீரோட்டம், நிலத்தின் வடிவம், நிலத்தைப் பயன்படுத்தும் முறை ஆகிய ஆறையும் சீர்தூக்கியே ஓரிடத்தின் ஆபத்து மதிப்பிடப்படுகிறது.

இவ்வாறனுள் முதல் மூன்றையும் நிலத்தின் வடிவையும் கமக்காரர் பெரிதும் மாற்ற இயலாது. நீரோட்டமும் நிலத்தைப் பயன்படுத்தும் முறையும் அவர் கையிலுள்ளன. புதிதாக நிலந் திருத்துவோரும், வீடு கட்டுவோரும் தம் இடம் அப்படத்தில் எவ்வகையிற் காட்டப்பட்டுள்ளதென்பதைக் கிராம உத்தியோகத்தர் அல்லது பிரதேச செயலகம் வாயிலாகக் கேட்டறிதல் வேண்டும்.

இருவகைக் கான்கள்

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட காலந்தொட்டு, சமவுயரக் கோட்டில் வரம்பும் கானும் அமைக்க வேண்டுமென்று கமக்காரருக்கு எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வறிவுரை இன்றும் நன்றே. ஆனால் கான்களில் இருவகை உண்டு. அவற்றை இடமறிந்து அமைத்தல் வேண்டும்.

முதல் வகை, இடையிடையே மண்தடை விட்டு வெட்டப்படும் கான். மழைநீர் தடைகளுக்கிடையே தேங்கும். அரித்துவந்த மண் வண்டலாகப் படியும். மிகுநீர் மட்டும் தடையின் மேலாக வழியும். மண்ணையும் ஈரத்தையும் காக்க இது மிகச் சிறந்தது. பாறை ஆழமின்றி, நிலம் இறுகி, ஊற்றும் வெடிப்பும் இல்லாத சாய்வுக்கு இதுவே ஏற்றது. இரண்டாம் வகை, தடையின்றிச் சிறிய சாய்வுடன் நீரை ஒருபுறமாக நடத்திச் செல்லும் கான். இதில் நீர் தேங்காது.

சரியக்கூடிய நிலத்தில் முதல் வகைக் கான் வெட்டினால், தேங்கும் நீர் யாவும் உள்ளே இறங்கும். மண்ணரிப்பைத் தடுத்தோம் என்ற மனநிறைவோடு, மண்சரிவுக்கு வேண்டிய நீரைத் தாமே சேர்த்து வைத்தவராவர். ஆகவே அத்தகைய நிலத்தில் இரண்டாம் வகைக் கானே அமைத்தல் வேண்டும். தோட்டத்தின் மேல் எல்லைக்கு அப்பால் ஒரு தடுப்புக் கான் வெட்டி, மேலேயிருந்து வரும் நீர் தோட்டத்தினுட் புகாது திருப்புதல் முதல் வேலை. 100 அடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓரடி இறங்கும் சாய்வு போதும். இதிலும் மிகுந்தால் நீர் கானையே அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து நீர் தேங்கும்.

இச்சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இரண்டு கழிகளை உச்சியிற் சேர்த்துக் கட்டி, கால்களுக்கிடையே 2 மீற்றர் இருக்குமாறு விரித்து, நடுவே குறுக்குக் கழி ஒன்றைப் பிணைக்க வேண்டும். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட வேண்டும். மட்டமான தரையில் இதனை நிறுத்தி, ஒரு காலின் கீழ் 2 சென்ரிமீற்றர் கனமுள்ள பலகைத் துண்டை வைத்து, நூல் குறுக்குக் கழியிற் படும் இடத்தைக் குறிக்க வேண்டும். பின் சாய்வில் இச்சட்டத்தை அடிமேல் அடியாக நகர்த்தி, பலகை வைத்த கால் எப்போதும் மேற்புறமாக இருக்க, நூல் அக்குறியில் நிற்கும் இடங்களில் முளை அடித்துச் செல்லலாம். முளைகளைத் தொடர்ந்து கான் வெட்டினால் வேண்டிய சாய்வு அமையும்.

கானின் நீர் முடியும் இடம் மிக முக்கியமானது. அது பாறைப் படுக்கையுள்ள இயற்கை ஓடையிலோ, கல் பதித்த பெருங்கானிலோ சென்று சேர வேண்டும். அடுத்தவர் தோட்டத்தின் தலைமாட்டில் அதனைக் கொட்டிவிடுதல் ஆபத்தை இடம் மாற்றுவதேயன்றி நீக்குவதன்று. ஒரே மலையிற் பயிரிடுவோரும், மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து நிருவாகத்தினரும் கூடிப் பேசி, நீர் மலையுச்சியிலிருந்து ஆறு வரை செல்லும் வழியை ஒன்றாக வகுத்தல் வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கான்களிற் சேர்ந்த வண்டலையும் சருகையும் அகற்றுதல் கடமை. தூர்ந்த கான், கானில்லாமையிலும் தீயது. அது நீரை ஓரிடத்திற் குவித்து உடைத்துக்கொண்டு பாயும்.

மரக்கறித் தோட்டத்தில்

உருளைக்கிழங்கும் கரட்டும் நீர் தேங்கினால் அழுகும். இதற்கஞ்சிச் சிலர் பாத்திகளை மேலிருந்து கீழாக நேரே அமைப்பர். நீர் விரைந்து வடியும். ஆனால் மேன்மண்ணும் உரமும் அதனோடு போகும். வேறு சிலர் குறுக்கே மட்டமான பாத்தி அமைத்து நீரைத் தேக்குவர். இரண்டும் வேண்டா. பாத்திகளைச் சாய்வுக்குக் குறுக்காக, மேற்கூறிய சிறு இறக்கத்துடன் அமைத்து, அவற்றின் நீரை ஓரத்திலுள்ள கல் பதித்த கானிற் சேர்ப்பதே முறை.

நீர்ப்பாய்ச்சும் குழாய்களிலும் கவனம் வேண்டும். மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாக நீர் கொணர்ந்து பாய்ச்சுதல் மலைநாட்டில் வழக்கம். குழாய் வெடித்தோ பொருத்து நெகிழ்ந்தோ இரவும் பகலும் ஒழுகினால், மழையில்லாத காலத்திலும் ஓரிடத்து மண் நீர் நிறைந்தே இருக்கும். அதன் மேல் மாரிமழையும் சேர்ந்தால் அச்சாய்வு பொறுக்க மாட்டாது. நீர்த்தொட்டியையும் உரக்குழியையும் சாய்வின் தலைமாட்டில் அமைத்தலாகாது. வீட்டுக் கழிவுநீரையும் நிலத்தில் விடாது, கானில் நடத்த வேண்டும்.

நெல்வயலில்

வலப்பனை, கங்குராங்கெத்தை, கொத்மலை முதலிய பகுதிகளில் மலைச்சாய்விற் படிப்படியாக நெல்வயல்கள் அமைந்துள்ளன. நெல்லுக்கு நீர் நிற்றல் வேண்டும். சாய்வுக்கு நீர் நிற்றலாகாது. இம்முரண்பாட்டை முன்னோர் நன்குழைத்த சேற்றாலும், இறுகிய வரம்பாலும், ஒழுங்கான மடையாலும் தீர்த்து வந்தனர். சேற்றை உழக்கி இறுக்கும்போது வயலின் அடியில் நீர் எளிதில் இறங்காத படை ஒன்று உண்டாகிறது. ஆண்டுதோறும் உழவு நடக்கும் வயலில் இப்படை காப்பாற்றப்படும்.

ஆபத்து பெரும்பாலும் கைவிட்ட வயலிலேயே தொடங்கும். உழவின்றி உலர்ந்த வயலில் அப்படை வெடித்துப் பிளக்கும். நண்டும் எலியும் வரம்பைத் துளைக்கும். மழை வந்தவுடன் வயல் குளமாகி நீர் பிளவுகளின் வழியே இறங்கும். ஆகவே பயிரிடாது விடும் வயலின் மடைகளைத் திறந்து, வரம்பின் ஓரிடத்தை வெட்டிக் கல் பதித்து, நீர் தங்காது போகச் செய்தல் வேண்டும். வாய்க்காலிலிருந்து அவ்வயலுக்குச் செல்லும் நீரையும் அடைத்துவிட வேண்டும். பயிருள்ள வயலாயினும், பெருமழை எச்சரிக்கை வந்தவுடன் மேல்மடைகளை அடைத்துக் கீழ்மடைகளைத் திறத்தல் நன்று. வரம்பிலோ வயலின் நடுவிலோ வளைந்த வெடிப்புக் காணப்படின், அவ்வயலில் அப்போகம் நெல்லை விட்டு, நீர் தேக்க வேண்டாத பயிரை நடுதல் தக்கது. ஒரு போகத்து நெல் போவது நட்டமே. ஆயினும் வயலே போவதினும் அது சிறியது.

அடியை வெட்டலாகாது, தலையிற் சுமையேற்றலாகாது

சாய்வின் அடிப்பகுதி, மேலேயுள்ள மண்ணைத் தாங்கும் கால் போன்றது. வீட்டின் பின்புறத்தை அகலமாக்கவும், லயத்தின் அருகே மேலுமோர் அறை கட்டவும், பாதை அமைக்கவும் அதனைச் செங்குத்தாக வெட்டுதல் எங்கும் காணப்படுகிறது. வெட்டிய அன்று ஒன்றும் நேராது; சில மாரிகள் கழிந்தபின் நேரும். வெட்ட வேண்டியது தவிர்க்கவியலாததாயின், தகுந்த ஆலோசனை பெற்று, படிப்படியாக வெட்டி, நீர் வடியத் துளைகளுள்ள கற்சுவர் எழுப்ப வேண்டும். வெட்டிய மண்ணைச் சாய்வின் மேற்புறத்திற் கொட்டுதல் இழுக்கும் பாரத்தை மிகுவிக்கும்.

மரவேர்கள் மேலுள்ள சில அடி மண்ணைப் பிணைத்து நிறுத்துவன. இலைகள் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சி வெளிவிடுவன. ஆதலாற் செங்குத்தான இடங்களிலும் ஓடைக் கரைகளிலும் மரங்களை அழித்தலாகாது. மரத்தை வெட்டிய பின்னும் வேர் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும். அது உக்கியபின் பிடிப்பு அறும். காடழித்த ஆண்டில் மலை நின்றதென்று மகிழ்ந்தவர், சில ஆண்டுகளின் பின் அதன் பயனைக் காண்பர். 1873ஆம் ஆண்டிலேயே, கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஊக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று பரிந்துரைத்தார்.

தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் நிலத்தில் இடைக்காலத்தில் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்தல் நல்ல வழக்கம். மரக்கறித் தோட்டத்தின் கானோரங்களில் வெட்டிவேரும் கிளிசரிடியாவும் வேலியாக நடலாம். எனினும் வேர்கள் எட்டாத ஆழத்தில் வழுக்கும் நிலத்தை எந்தப் புல்லும் மரமும் நிறுத்த மாட்டா. அங்கே நீர்வடிப்பு ஒன்றே மருந்து.

நிலம் காட்டும் அறிகுறிகள்

மண்சரிவு பெரும்பாலும் முன்னறிவித்தே வரும். பின்வருவனவற்றை மழைக்காலத்தில் நாள்தோறும் கவனித்தல் வேண்டும்:

1. நிலத்திலும் பாதையிலும் வீட்டுத் தரையிலும் புதிய வெடிப்புகள். முக்கியமாகச் சாய்வின் மேற்பகுதியில் பிறைபோல வளைந்த வெடிப்பு.

2. மரங்களும் மின்கம்பங்களும் வேலித்தூண்களும் சாய்தல்.

3. கதவும் சன்னலும் திடீரெனச் சட்டத்தில் இறுகித் திறக்கவொண்ணாதிருத்தல்; சுவர் பிதுங்குதல்.

4. முன்னில்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல். இருந்த ஊற்று வற்றுதல். தெளிந்த நீர் சேறாக வருதல்.

5. மழை பெய்துகொண்டிருக்கையில் ஓடைநீர் திடீரெனக் குறைதல். மேலே மண் விழுந்து நீரை மறித்திருத்தல் கூடும்.

6. நிலத்தினுள் வேர் அறுபடுவது போன்ற, கற்கள் உரசுவது போன்ற ஒலிகள்.

வெடிப்பைக் கண்டவுடன் அதன் இருபுறமும் இரண்டு முளைகளை அடித்து, அவற்றின் இடைவெளியை அளந்து தேதியுடன் குறித்து வைத்தல் எளிய ஆராய்ச்சியாகும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் நிலம் நகர்கிறதென்பது உறுதி. வெடிப்பில் நீர் புகுந்தால் அது ஆப்பைப்போல நிலத்தைப் பிளக்கும். ஆகவே மழையில்லாத நேரத்தில், நகர்வு இல்லையெனக் கண்டபின், களிமண்ணை இட்டு நன்றாக இடித்து மூடி, நீர் வேறுபுறம் செல்லச் செய்தல் வேண்டும். மழை பெய்கையில் வெடிப்பை மூடவோ கான் திருத்தவோ சாய்வில் ஏறுதல் உயிருக்குத் தீங்கு.

மழையை அளத்தல்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு எச்சரிக்கைகளை மூன்று படியாக வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்து தொடர்ந்தால் விழிப்பாக இருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலும், ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலும், ஆபத்தான சாய்விலிருந்து உடனே நீங்குதல் வேண்டும். இவை முறையே ஏறக்குறைய 3, 4, 6 அங்குலங்களாகும். வெளியாகும் எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களாற் குறிக்கப்படும்.

மழைமானி இல்லாதவர், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான சுவருடைய தகரப் பேணி ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் மட்டமாக வைத்து, சேர்ந்த நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தாற் போதும். மலையின் ஒரு பக்கத்தில் பெய்யும் மழை மறுபக்கத்தில் பெய்யாதாகலின், வானொலியிற் கேட்கும் அளவினும் தம் முற்றத்தில் அளந்த அளவு பயனுடையது. ஆயினும் அறிகுறிகள் தோன்றியபின் மழையளவு குறைவாயிற்றே என்று காத்திருத்தல் தகாது. முன் பல நாள் பெய்த மழையால் நிலம் ஏற்கெனவே நிறைந்திருந்தாற் சிறு மழையும் போதியதாகும். மழை ஓய்ந்தவுடன் திரும்புவதும் தவறு. உள்ளே இறங்கிய நீர் கீழ்த்தளத்தை அடையச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். அதிகாரிகள் பார்வையிட்டு அனுமதித்த பின்னரே திரும்புதல் வேண்டும்.

வெளியேறும்போது சாய்வின் வழியே கீழ்நோக்கியோ ஓடை வழியாகவோ செல்லாது, பக்கவாட்டில் உறுதியான மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோரைப் பகல் வெளிச்சத்திலேயே அனுப்பிவிடுதல் நன்று. அறிகுறிகளைக் கண்டவர் கிராம உத்தியோகத்தருக்கும், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவித்தல் கடமை. லயங்களில் வாழ்வோர் தோட்ட நிருவாகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அதன் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நிலம் தமதன்று என்பது பற்றி வாளாவிருத்தலாகாது. நிலம் எவருடையதாயினும் உயிர் அவர்களுடையதே.

முடிபு

மலை ஒரே நாளிற் சரிவதாகக் காணப்படினும், அதற்கான காரணங்கள் பல மாரிகளாகச் சேர்ந்தவையே. தூர்ந்த கான், ஒழுகிய குழாய், கைவிட்ட வயல், வெட்டிய அடிவாரம் ஆகிய ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக நீரைச் சேர்த்துச் சாய்வின் வலிமையைக் குறைக்கின்றன. அவற்றைச் சிறிது சிறிதாகவே திருத்தவும் இயலும். அடுத்த பருவமழைக்கு முன் ஒவ்வொரு கமக்காரரும் தம் நிலத்தின் தலைமாட்டிலிருந்து அடி வரை ஒருமுறை நடந்து, மழைநீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பார்ப்பாராக. நிற்கும் இடங்களில் அதற்கு வழி வெட்டுவாராக. வெடிப்பும் புதிய ஊற்றும் காணப்படும் இடத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு, அயலாருக்கும் அறிவித்து, வீட்டாருடன் நீங்குவாராக. பயிர் அழிந்தால் மறுபோகம் உண்டு.